வள்ளி திருமணம் நாடகத்தில் தோழியும் நாரதரும்: துணைமாந்தர் இடமாற்றம் குறித்த ஒரு நோக்கு

திறவுச்சொற்கள்: சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணம், ஸ்பெஷல் நாடகம், நாரதர், தோழி, பாங்கன், சேட்படை, தர்க்கம்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாவையொட்டி விடிய விடிய நடைபெறும் வள்ளி திருமணம் நாடகத்திற்கு முன்கூட்டியே சுவரொட்டி ஒட்டுவது வழக்கம். அதில் பெரும்பாலும் ஐந்து கலைஞர்களின் படங்கள் இருக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் என்று படங்களின் கீழே குறிக்கப்பட்டிருக்கும். அதற்கும் கீழே ஆர்மோனியப் பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்ட் கலைஞர்களின் பெயர்கள் வரும். தோழி என்று ஒரு பெயர் இராது. வள்ளியின் தந்தை நம்பிராசனுக்கும் அண்ணன்மாருக்கும் படமில்லை. வள்ளியின் கதையைக் கந்தபுராணத்தின் வழி அறிந்த ஒருவர் இச்சுவரொட்டியைப் பார்த்தால் வியப்படைவார். அந்நூலில் வள்ளிக்கு அடுத்தபடி மிகுதியாகப் பேசும் பெண் தோழியே. நாரதரோ தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் தோன்றி அகல்பவர்.

இந்த இடமாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் வள்ளி என்னும் தலைமை மாந்தருக்கு என்ன நேர்ந்தது என்னும் இரண்டு வினாக்களையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நாரதர்–வள்ளி தர்க்கம் சுவாமிகளின் பனுவலைச் சிதைத்துவிட்டது என்னும் கருத்து ஆய்வரங்குகளில் அடிக்கடி கேட்கக் கிடைப்பது. கருத்தரங்கு ஒன்றில் நான் கட்டுரை வாசித்து முடித்ததும், நீங்கள் பேசியது சுவாமிகளின் நாடகத்தைப் பற்றியது அன்று என்று அவையிலிருந்த மூத்தவர் ஒருவர் கண்டித்தார். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் நூறாண்டுகளாக மக்கள் முன் நிகழ்ந்துவரும் ஒன்றை நாடகம் அன்று என்று ஒதுக்கிவிட்டு, அச்சில் உள்ளதை மட்டும் நாடகம் என்று கொள்வது திறனாய்வுக்குப் பொருந்துமா என்னும் ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை.

நூலில் நிற்கும் தோழி

வள்ளி முருகனை மணந்த செய்தி சங்க காலத்திலேயே வழங்கியது. நற்றிணை 82ஆம் பாடல் முருகனைப் புணர்ந்த வள்ளியை உவமையாக்குகிறது. அச்செய்தியை விரிவான கதையாக்கித் தந்தது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம். அதன் இறுதிப் படலமான வள்ளியம்மை திருமணப் படலத்தை அகத்திணைத் துறைகளின் தொடர்மாலை என்றே சொல்லலாம். தினைப்புனம் காத்தல், வேட்டுவனாக வந்து வினவுதல், களிறு தரு புணர்ச்சி, சுனையாடல், மடலேறுவதாகக் கூறல், வெறியாட்டு, உடன்போக்கு எனக் குறிஞ்சித்திணையின் மரபுகள் ஏறத்தாழ முழுமையாக அதில் இடம்பெறுகின்றன.

இக்கதையோட்டத்தை இரு பகுதிகளாகப் பிரித்துக் காண்பது நம் வினாவுக்கு உதவும். முதற் பகுதி முருகன் வேட்டுவனாகவும் வேங்கை மரமாகவும் விருத்தனாகவும் உருமாறி வருவதும், வள்ளி மறுப்பதும், விநாயகர் யானையாக வந்து அச்சுறுத்த அவள் அஞ்சித் தழுவுவதும் ஆகும். இங்கே தோழிக்கு வேலையில்லை. இரண்டாம் பகுதி புனத்திற்கு மீண்டு வரும் வள்ளியைத் தோழி எதிர்கொள்வதில் தொடங்குகிறது. சுனையாடினேன் என்னும் வள்ளியின் விடையைத் தோழி நம்புவதில்லை. மேனியின் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் காட்டி வினவுகிறாள். யானையைத் தேடி வந்தவன் போல முருகன் வந்து நிற்க, இருவர் கண்களும் சந்திப்பதைப் பார்த்தே தோழி உண்மையை உணர்கிறாள். அவன் இரந்து நிற்கும்போது உடனே இணங்காமல் குலவேறுபாட்டைச் சொல்லி விலக்குகிறாள். மடலேறுவேன் என்று அவன் கூறிய பின்னரே வழிக்கு வருகிறாள். நள்ளிரவில் வள்ளியை முருகன் கையில் ஒப்படைப்பவளும் அவளே.

தலைவனை உடனே ஏற்காது காலம் கடத்தி, அவன் அன்பின் உறுதியை அளந்து பார்க்கும் தோழியின் இச்செயலைக் கோவை நூல்கள் சேட்படை என்று குறிக்கும். திருக்கோவையாரில் அது தனி அதிகாரமாகவே அமைந்துள்ளது. சேட்படையில் தோழி பேசும் சொற்கள் தலைவியின் பொருட்டுப் பேசப்படுபவை. தலைவி அங்கே பேசுவதில்லை. பேசாதிருப்பது அவளுக்கு விதிக்கப்பட்ட நாணத்தின் பகுதி. தோழியின் வாய் இருப்பதனால்தான் தலைவியின் மௌனம் இயலுவதாகிறது.

நாரதருக்கு வருவோம். வள்ளிமலைப் புனத்தில் வள்ளியைக் கண்டு வியந்து, தணிகைக்குச் சென்று முருகனிடம் தெரிவிப்பது அவரது முதற் பணி. துரத்தி வந்த வேடர் மாண்டுவிட, பெற்றோரை வீழ்த்திவிட்டு அருள்புரியாது செல்வது தகாது என்று வழியில் எடுத்துரைப்பதும், பின்னர்ச் சிறுகுடியில் மணச்சடங்கை நடத்துவதும் அடுத்த பணிகள். அகமரபில் இவருக்கு ஓர் இணை தேடினால் தலைவனின் நண்பனாகிய பாங்கனைச் சொல்லலாம். தலைவி இருக்கும் இடத்திற்குச் சென்று, அவளைத் தொலைவில் கண்டு, திரும்பி வந்து தலைவனிடம் கூறுபவன் பாங்கன். தலைவன் சொல்லக் கேட்டுப் பாங்கன் செல்வான். நாரதரோ தாமே முதலில் கண்டு சொல்கிறார். இவ்வேறுபாடு இருப்பினும் இருவருக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. பாங்கன் தலைவியோடு எதிர்நின்று சொல்லாடுவதில்லை.

கம்பெனியும் ஸ்பெஷலும்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகங்கள் எழுதிய காலத்தில் இருவகைக் குழு அமைப்புகள் இருந்தன. ஒன்று, ஒரே இடத்தில் தங்கி ஒரே ஆசிரியரிடம் பயிலும் குழு. 1910இல் அவர் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையும், 1918இல் மதுரையில் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் இவ்வகையின. பால சபையில் பயின்ற தி.க. சண்முகம் தம் எனது நாடக வாழ்க்கை நூலில் அப்பயிற்சி முறையை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். வயது வந்த நடிகர்கள் தம் விருப்பம்போல் பாடல்களையும் பேச்சையும் கூட்டியும் குறைத்தும் வந்தமையால் சுவாமிகள் சிறுவர்களைத் தேர்ந்து பயிற்றினார் என்பது நாடக வரலாற்றில் பலரும் எடுத்துரைக்கும் செய்தி.

மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். இதில் குழு என ஒன்று கிடையாது. வெவ்வேறு ஊர்களில் வாழும் கலைஞர்கள் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, நாடகம் நடக்கும் ஊரில் அன்று மாலையிலோ இரவிலோ சந்திப்பர். ஒத்திகை கிடையாது. இன்று நாரதராக நிற்பவரும் வள்ளியாக நிற்பவரும் ஒருவரோடொருவர் முன்பு நடித்திராதவராகக்கூட இருக்கலாம். பாடல்களும் காட்சி வரிசையும் அனைவருக்கும் பொதுவாகத் தெரிந்திருப்பதனால் நாடகம் நிகழ்ந்துவிடுகிறது. ஆர்மோனியக் கலைஞரின் பின்பாட்டு இதில் தையல் நூலாக நின்று பிரிந்தவற்றை இணைக்கிறது.

துணைமாந்தரின் வளர்ச்சியும் தேய்வும் பெரிதும் இவ்வமைப்பிலிருந்தே விளைந்தன என்பது என் கருத்து. ஸ்பெஷல் நாடகத்தில் ஒரு பாத்திரம் நிலைக்க வேண்டுமானால் அது முதலில் ஒரு பார்ட் ஆக வேண்டும். அதாவது, அதற்கெனத் தனிப் பாடல்கள், தனி நுழைவு, தனிக் காலம், தனி ஊதியம் என்று இருந்து, அதைத் தம் வாழ்நாள் தொழிலாக ஒரு கலைஞர் ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாரதர் அவ்வாறு பார்ட் ஆனார். வீணை, தம்புரா, திரிலோக சஞ்சாரம், இசைப்புலமை ஆகியன அப்பாத்திரத்தின் மரபான அடையாளங்கள் ஆதலால், பாடவல்ல ஒருவர் அதனை ஏற்று விருத்தம் பாடி நிற்க எல்லா வாய்ப்பும் இருந்தது. தோழிக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. தோழியின் பேச்சு மூவர் அருகருகே இருக்கும் நுட்பமான காட்சியில்தான் சிறக்கும். ஒருவர் கண்ணை மற்றவர் கண் சந்திப்பதை மூன்றாமவர் கவனிக்க வேண்டும். பேசாது நிற்பவரும் நடிக்க வேண்டும். ஒத்திகையின்றிக் கூடும் கலைஞர்களுக்கு இது அரிது. இருவர் ஒலிவாங்கிக்கு இருபுறமும் நின்று பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்கு விடை என்று தொடுப்பதோ ஒத்திகை இல்லாமலேயே நிகழக்கூடியது. சொல்லப்போனால் ஒத்திகை இல்லாததால்தான் அது சூடுபிடிக்கிறது.

காலக் கணக்கும் தோழிக்கு எதிராக நின்றது. இரவு பத்து மணியளவில் பபூன் மேடையேறுவார். டான்ஸ் கலைஞரோடு அவர் நிகழ்த்தும் பகுதி முடியவே நள்ளிரவு கடந்துவிடும். அதன்பின் நாரதர், வள்ளி, தர்க்கம், வேலன், விருத்தன் எனக் காட்சிகள் நகரும். யானை வந்து வள்ளி விருத்தனைத் தழுவும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். அடுத்துத் திருமணம். கந்தபுராணத்தின் இரண்டாம் பகுதி முழுவதும், அதாவது தோழி ஆளும் பகுதி முழுவதும், விடியலில் கரைந்துவிடுகிறது. எவரும் திட்டமிட்டுத் தோழியை நீக்கவில்லை.

பாங்கன் பேசத் தொடங்கியபோது

நாரதர் வள்ளியைப் புனத்தில் சந்தித்துப் பேசுவதற்கு நாடகப் பனுவலிலேயே இடமுண்டு. ஆயினும் அச்சில் உள்ள அளவுக்கும் மேடையில் நிகழும் அளவுக்கும் ஒப்பில்லை. தேர்ந்த கலைஞர் இருவர் வாய்த்தால் தர்க்கம் ஒரு மணிநேரத்தைக் கடந்து நீளும். அதைக் கேட்பதற்கென்றே பின்னிரவுவரை கண்விழித்திருப்போர் உண்டு. ஒலிநாடாக்களின் காலத்தில் தர்க்கப் பகுதி தனியே விற்பனையாகும் அளவுக்கு வளர்ந்தது. இன்று இணையக் காணொலிகளிலும் அது தனித்துண்டாகப் பரவுகிறது.

நாரதர் கேட்பவை எளிய கேள்விகளாகத் தொடங்கும். நீ யார், உன்னைப் பெற்றவர் யார், பருவமடைந்த பெண் தனியே காட்டில் ஏன் நிற்கிறாய் என்பன போல. பின்பு இல்லறம் பெரிதா துறவறம் பெரிதா, ஆண் உயர்வா பெண் உயர்வா, திருமணம் இன்றியமையாததா என்று விரியும். குறளும் பழமொழியும் புராணச் சான்றும் இருபுறமும் எடுத்தாளப்படும். நான் பார்த்த நிகழ்த்துதல்களில் வரதட்சணையும் பெண்கல்வியும் கைப்பேசியும் இடையிடையே வந்துபோயின. இவற்றையெல்லாம் கேட்டுத்தான் நாடகம் கெட்டுவிட்டது என்கின்றனர். ஆனால் இப்பேச்சுகளின் பொருளைச் சற்று ஒதுக்கிவைத்து, அவற்றின் செயலை மட்டும் நோக்கினால் நமக்குத் தெரிந்த ஒன்று புலப்படுகிறது. தலைவன் சார்பில் ஒருவர் வந்து நிற்கிறார். தலைவி சார்பில் மறுப்பும் வினாவும் காலக்கழிப்பும் நிகழ்கின்றன. இது சேட்படை. தோழி வாயிலிருந்த சேட்படை வள்ளியின் வாய்க்கு மாறியிருக்கிறது; அவ்வளவே.

அது நிகழும் இடமும் மாறியிருக்கிறது. புராணத்தில் தோழியின் தடை கூட்டத்திற்குப் பின் வருகிறது. நேர்ந்துவிட்ட ஒன்றைத் தகுதியான வழியில் மணமாக்குவதே அதன் நோக்கம். மேடையில் வள்ளியின் தடை முருகன் தோன்றுவதற்கும் முன்பே வந்துவிடுகிறது. ஆதலால் அவள் வாதிடுவது ஒரு குறிப்பிட்ட தலைவனை ஏற்பதா என்பது குறித்து மட்டுமன்று. மணம் என்பதே வேண்டுமா என்னும் வினாவையும் அவளால் எழுப்ப முடிகிறது. தோழியின் சேட்படைக்கு இவ்வினா எழுப்பும் உரிமை என்றும் இருந்ததில்லை. இந்த ஒரு காரணத்திற்காகவேனும் தர்க்கத்தைச் சிதைவு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை.

இதை முழு ஆதாயமாகக் கொண்டாடிவிடவும் முடியாது. தோழி இருந்த இடத்தில் இப்போது நிற்பவர் யார்? தலைவியின் நலம் நாடிய பெண் ஒருத்தி இருந்த இடத்தில், தலைவனின் தூதராகிய ஆண் ஒருவர் நிற்கிறார். அவர் மூத்தவர், முனிவர், விடையை முன்பே அறிந்து வந்தவர். வள்ளி எத்தனை கேள்விகளில் வென்றாலும் முருகன் பெயரைச் சொல்லிய பின் அவள் இணங்கியாக வேண்டும். அதாவது, வள்ளிக்குச் சொல் கிடைத்தது; ஆனால் துணை போய்விட்டது. அகமரபுத் தலைவி பேசாதிருந்தாள், தனித்திருக்கவில்லை. மேடை வள்ளி பேசுகிறாள், தனித்திருக்கிறாள். இவ்விரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால் மேடை வள்ளியையே சொல்வேன். ஆனால் இழப்பைக் கணக்கில் கொள்ளாமல் அவ்வாறு சொல்ல மாட்டேன்.

ஸ்திரீபார்ட் கலைஞரின் நிலையையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும். பொதுவெளியில் நடிக்கும் பெண்மீது சமூகம் சுமத்தும் இழிவைச் சூசன் செய்சர் 2005இல் வெளிவந்த தம் ஆய்வுநூலில் விரிவாகப் பேசியுள்ளார். அவர் பெரிதும் கவனம் செலுத்தியது நகைச்சுவைக் காட்சிகளில், பபூனும் டான்ஸ் கலைஞரும் எதிர்நிற்கும் காட்சிகளில். அங்கே பெண்ணின் உடலும் இயக்கமும் முதன்மை பெறுகின்றன. தர்க்கத்தில் முதன்மை பெறுவது அவள் கற்றிருக்கும் பாடல், மனப்பாடம், சமயோசிதம். ஒரே இரவில், ஒரே மேடையில் பெண் இருவகையாக நிறுத்தப்படுகிறாள். தர்க்கப் பகுதிமீது ஆய்வாளர் கவனம் இன்னும் மிகுதியாகத் திரும்ப வேண்டும்.

ஏனையோர்

நம்பிராசனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல இடங்களில் அவர் பெயரளவில் வந்துபோகிறார் அல்லது வேறு பாகம் ஏற்றவரே ஓரிரு வசனம் சொல்லி முடிக்கிறார். அண்ணன்மார் வள்ளியின் பேச்சில் மட்டும் உயிர் வாழ்கின்றனர். பபூன் புராணத்தில் இல்லாதவர். கூத்தின் கட்டியங்காரனோடு உறவுடையவர். கதைக்குள் அவர் வருவதைவிடக் கதைக்கு வெளியே நின்று ஊரோடு பேசுவதே மிகுதி. அவரது மாற்றங்கள் தனிக்கட்டுரைக்குரியவை.

தலைமை மாந்தரின் காட்சியும் நிகழ்த்துதலுக்கு ஏற்ப மாறியதற்குத் தியாகி விசுவநாததாஸ் சான்று. தினைப்புனத்தில் பறவை ஓட்டும் சூழலில் வெள்ளைக் கொக்கைப் பாடி வெள்ளையராட்சியை அவர் சாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்துறந்தார். புனக்காட்சி எதையும் தாங்கும் நெகிழ்ச்சியுடையது என்பதை அரசியல் மேடைக்கு உணர்த்தியவர் அவர். தர்க்கம் விரிந்ததும் அதே புனத்தில்தான்.

திரைப்படத்திற்கு விடியல் என்னும் எல்லை இல்லை, ஒத்திகைக்கும் குறைவில்லை. ஆதலால் தோழி மீண்டு வந்திருக்கலாம் என்று எதிர்பார்ப்போம். ஆனால் திரை, மேடையில் பார்ட் ஆக நிலைத்தவற்றையே பெரிதும் எடுத்துக்கொண்டது. 1945இல் வெளிவந்த ஸ்ரீ வள்ளியில் முருகனாக நடித்துப் பாடியவர் டி.ஆர். மகாலிங்கம். 1961இல் சிவாஜி கணேசன், பத்மினி நடித்த ஸ்ரீ வள்ளியில் அவர் நாரதர். ராஜபார்ட்டாக நின்ற பாடகர் பதினாறு ஆண்டுகளுக்குப்பின் ஏற்கத் தகுதியான வேடமாக நாரதர் கருதப்பட்டார் என்பது, அப்பாத்திரம் துணைமாந்தர் வரிசையில் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதற்குப் போதிய சான்று. அது இசைக்குரிய இடமாகிவிட்டது.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். டான்ஸ் கலைஞர் சில நிகழ்த்துதல்களில் வள்ளியின் தோழியாக மேடையில் நிற்பதுண்டு. ஆகவே தோழி மறையவில்லை என்று வாதிடலாம். சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் அவ்வாறு பார்த்தேன். வள்ளி ஆலோலம் பாடிக் கவண் சுழற்றும்போது தோழி உடன் பாடினார். ஓரிரு கேலிகள் பேசினார். நாரதரின் குரல் திரைக்குப் பின்னிருந்து கேட்டதும், பறவைகள் அந்தப் பக்கம் இறங்குகின்றன, நான் போய்ப் பார்க்கிறேன் என்ற பொருளில் ஏதோ சொல்லி உள்ளே சென்றார். பிறகு விடியும்வரை வரவில்லை. அவர் அன்று முன்னிரவில் இரண்டு மணிநேரம் ஆடியவர்; ஓய்வு தேவைப்பட்டிருக்கும். எனினும் அவர் வெளியேறத் தேர்ந்த நொடி கவனிக்கத்தக்கது. வள்ளி சார்பில் ஒருவர் பேச வேண்டிய நொடி அது.

அன்றைய தர்க்கத்தின் முடிவும் வழக்கம்போல் அமையவில்லை. நாரதர் முருகனின் பெருமைகளைப் பாடி முடித்ததும் வள்ளி இணங்கிப் பாடும் பாட்டு ஒன்று அங்கே வரவேண்டும். அந்த ஸ்திரீபார்ட் கலைஞர் அதைப் பாடவில்லை. நேரமாகிவிட்டது என்று ஆர்மோனியக் கலைஞர் கைகாட்டியதாலா, தாமாகவே விட்டாரா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. வருபவர் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்னும் அளவில் சொல்லிவிட்டுக் கவணை மீண்டும் கையில் எடுத்தார். நாரதர் சிரித்துக்கொண்டே விடைபெற்றார். அடுத்து வேலன் வந்தபோது வள்ளி இன்னும் இணங்காதவளாகவே இருந்தாள். அதனால் வேலனும் தம் பங்குக்கு ஒரு தர்க்கத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.